விழும் பொருள் கணக்குகளில் ‘சிம்ப்ளிஃபையிங் அஸம்ப்ஷன்’: ‘விடுகோள்’ என்னலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கான இயற்பியல் பயிற்சி நூல் ஒன்றுக்காக ‘சிம்ப்ளிஃபையிங் அஸம்ப்ஷன்’ (கணக்கை எளிதாக்குவதற்காக, உள்ள ஒன்றை இல்லை எனக் கொள்வது போன்ற ஏற்பாடு) என்பதற்குச் சொல் கேட்டு வந்த மடலுக்கு, எளிமையாக்கும் அனுமானம், எளிமைக் கருதுகோள், எளிய எடுகோள், தோராயம் என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுள் ஒன்றைத் தேர்வதைவிட, ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வது நல்லது என்று தோன்றுகிறது.

திருவரங்கத்து இராசகோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 72 மீட்டர். அந்த உயரத்திலிருந்து ஒரு கிலோகிராம் இரும்புக் குண்டு விழுவதாகக் கொள்வோம். கணக்குக்காகத்தான், யாரும் சோதித்துப் பார்க்க வேண்டா. ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும், g (புவியீர்ப்பு முடுக்கம்) = 9.8 மீவி⁻² எனக் கொள்க’ என்ற வழக்கமான குறிப்போடு போட்டால் விழும் நேரம் 3.83 விநாடி. காற்றையும் சேர்த்துப் போட்டால் அதோடு நூற்றில் நான்கு பங்கு விநாடி அளவே கூடுகிறது. உயரம் மாறுவதால் g-இல் வரும் வேறுபாடு நூறாயிரத்தில் இரண்டு பங்கு. புவி சுழல்வதால் குண்டு நேர்கீழே விழாமல், அந்த அகலாங்கில் 1.3 சென்டிமீட்டர் அளவு கிழக்கே தள்ளி விழும். இவை எல்லாம் உண்மையில் இருப்பவை. இருக்கின்றன என்று கணக்கு எழுதியவருக்கும் தெரியும். தெரிந்தே அவற்றை வெளியே நிறுத்துகிறார். நமக்கு வேண்டிய சொல் இந்த ‘தெரிந்தே’ என்பதைச் சுமக்க வேண்டும்.

இந்த உரைகல்லில் ‘அனுமானம்’ முதலிலேயே விழுந்துவிடுகிறது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதையே தருக்க நூலார் அனுமானம் என்றனர். காற்று இல்லை என்று இங்கே யாரும் எதிலிருந்தும் உய்த்துணரவில்லை. ‘கருதுகோள்’ உண்மையாக இருக்கக்கூடும் என்று முன்வைத்துச் சோதிக்கப்படுவது. காற்றுத் தடை இல்லை என்பதோ உண்மையன்று என்பது தொடக்கத்திலேயே முடிவான செய்தி. கருதுகோள் என்று எழுதினால், ‘அப்படியானால் சோதனையில் அது பொய்த்துவிட்டதே’ என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்பார். அவர் கேட்பது நியாயமே.

‘தோராயம்’ நல்ல சொல், ஆனால் வேறொன்றின் பெயர். 3.83 என்னும் விடை தோராயமானது. அவ்விடைக்கு வழிவிட்ட முடிவு தோராயமன்று. தோராயத்துக்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘அண்ணளவு’ என்பதற்கும் இதே மறுப்பு பொருந்தும்.

‘எளிய எடுகோள்’ என்பதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆயினும், எடுகோள்தான் எளியது என்று அத்தொடர் பொருள்படுகிறது. கணக்கை எளிதாக்குவது என்னும் பொருள் வரவில்லை. மேலும், எடுகோள் என்பது ஏற்றுக்கொண்டு தொடங்கும் எதற்கும் பொதுவான பெயர்.

எனவே ‘விடுகோள்’ என்று ஒரு சொல்லை முன்மொழிகிறேன். கருதுகோள், எடுகோள் ஆகியவற்றில் உள்ள ‘கோள்’, ‘எனக் கொள்க’ என்று கணக்குகளில் நாள்தோறும் நாம் எழுதும் ‘கொள்’ என்பதன் நீட்சி. எதை எடுத்துக்கொண்டு தொடங்குகிறோமோ அது எடுகோள் என்றால், எதை விட்டுவிடுவதாகக் கொண்டு தொடங்குகிறோமோ அது விடுகோள். விடுபட்டது வேறு, விட்டது வேறு: முன்னது கவனப் பிழை, பின்னது முடிவு. விடுகதையைப் போலவே விடுகோளும் வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது.

1638இல் வெளிவந்த கலிலியோவின் உரையாடல் நூலில் நான்காம் நாள் பேச்சு இதற்கு நல்ல சான்று. எறிபொருளின் பாதையைப் பரவளையம் என்று நிறுவும்போது, நேர்கோடாகக் கொள்ளும் கிடைத்தளத்தின் எல்லாப் புள்ளிகளும் உண்மையில் புவி மையத்திலிருந்து ஒரே தொலைவில் இல்லை, காற்று போன்ற ஊடகமும் தடுக்கும் என்று உரையாடுவோரில் ஒருவரான சிம்ப்ளிசியோ மறுக்கிறார். கலிலியோவின் தரப்பைப் பேசும் சால்வியாட்டி அவை அனைத்தையும் மெய் என ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகே, தராசுத் தட்டுகளின் கயிறுகளை இணைகோடுகளாகக் கொண்ட ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைத்து, நாம் கையாளும் தொலைவுகள் புவி மையத்தின் தொலைவுக்கு முன் மிகச் சிறியவை என்கிறார். மறுப்பை ஏற்றுக்கொண்டே விடுகிறார் பாருங்கள், அந்தச் செயலுக்குத்தான் நமக்குப் பெயர் இல்லாமல் இருக்கிறது.

இச்சொல்லால் வகுப்பில் இன்னொரு பயனும் உண்டு. விட்டதற்கு எல்லை உண்டா என்று கேட்க அது இடம் தருகிறது. அதே 72 மீட்டரிலிருந்து மேசைப்பந்து ஒன்றை விட்டால் அது தரையைத் தொட ஏறத்தாழ 9 விநாடி ஆகும். இரும்புக் குண்டுக்குப் பொருந்திய விடுகோள் இங்கே செல்லாது. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு அதே விடுகோளைக் கொண்டால் தரையை அடையும் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வரும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளியின் முற்றுத்திசைவேகமோ (காற்றுத் தடையால் அதற்குமேல் கூடாமல் நிலைத்துவிடும் வேகம்) விநாடிக்கு ஆறரை மீட்டர்தான். ‘இந்த விடுகோள் எந்தப் பொருளுக்கு, எவ்வளவு உயரம் வரை செல்லும்?’ என்று பயிற்சியில் கேட்கலாம். ‘எளிய எடுகோள் எதுவரை செல்லும்?’ என்று கேட்டால் அந்தக் கூர்மை வருவதில்லை.

இரண்டு குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். ‘கையிலிருந்து விடப்பட்ட கல்’ என்று அதே வினை அதே கணக்கில் வருவது சற்று இடறும். குண்டைப் புள்ளி நிறையாகக் கொள்வதும் விடுகோள்தானா என்பது அடுத்தது: அதன் பருமனையும் சுழற்சியையும் விடுகிறோம் என்று நான் வாதிடுவேன், ஆனால் இல்லாத ஒரு புள்ளியை அங்கே எடுத்தும் வைக்கிறோம். இதற்கு ‘இலட்சியமாக்கல்’ (ஐடியலைசேஷன்) போன்ற தனிச்சொல் தேவை என்போர் தம் கணக்கோடு எழுதினால், அதையும் இவ்வாறே போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்