ஒன்பது கண்மாய்கள், நான்கு மாறிகள்: இவ்வளவு சிறிய தரவில் ரிக்ரெஷன் செய்வது சரியா?

கேள்வி: கரைநடை

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒன்பது கண்மாய்களில் வலசை வரும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து முதுகலை ஆய்வேடு எழுதிவருகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை, பொழுது புலரும் நேரத்தில் கரைமேல் நின்று தொலைநோக்கியால் எண்ணினேன். ஒவ்வொரு கண்மாய்க்கும் நீர்ப்பரப்பு, கரையோர ஆழம், சீமைக்கருவேலம் மூடியுள்ள விழுக்காடு, ஊரிலிருந்து உள்ள தொலைவு ஆகிய நான்கையும் அளந்திருக்கிறேன்.

நான்கு மாதங்களின் சராசரி எண்ணிக்கையைச் சார்ந்த மாறியாக வைத்து, அளந்த நான்கையும் சேர்த்து ரிக்ரெஷன் (ஒரு மாறியை மற்ற மாறிகளைக் கொண்டு கணிக்கும் கோட்டுப் பொருத்தம்) செய்தேன். ஆர்-வர்க்கம், அதாவது எண்ணிக்கையின் வேறுபாட்டில் இந்த மாறிகள் விளக்கும் பங்கு, 0.81 வந்தது. ஆழத்தின் கெழுவுக்கு (கோட்டில் அந்த மாறியின் பெருக்கெண்) மட்டும் பி-மதிப்பு, அதாவது உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய முடிவு வருவதற்கான வாய்ப்பு, 0.04. இதை வைத்தே முடிவுரை எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு ஓர் ஐயத்தில் மிகப் பெரிய கண்மாயை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டேன். நீர்ப்பரப்பின் கெழு நேர்மத்திலிருந்து எதிர்மத்துக்கு மாறிவிட்டது. பரப்பு கூடினால் பறவை குறையும் என்று எப்படி எழுதுவேன்?

சராசரி எடுக்காமல் நான்கு மாதங்களையும் தனித்தனி வரிகளாக வைத்தால் 36 பதிவுகள் கிடைக்கும், சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார் உடன் படிக்கும் தோழி. அது முறையா? இந்தத் தரவிலிருந்து நேர்மையாக எதைச் சொல்ல முடியும்?

பதில்: எண்வழி

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். உங்கள் 0.81 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்களை முடிவுரை எழுதத் தூண்டியது அதுதான். பறவைகளுக்கும் கண்மாய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், நான்கு மாறிகளுக்கும் பதிலாகக் குலுக்கி எடுத்த எண்களைப் போட்டீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆர்-வர்க்கத்தின் எதிர்பார்ப்பு சுழியாக இராது. மாறிகளின் எண்ணிக்கையை, பதிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வருவதால் வகுத்தால் கிடைப்பதே அது. அதாவது 4-ஐ 8-ஆல் வகுத்தால் 0.5. வெற்று எண்களே பாதியை விளக்கிவிடும் இடத்தில் 0.81 என்பது நீங்கள் நினைத்த அளவுக்குப் பெரியதன்று. மாறிகளின் எண்ணிக்கைக்கு ஈடுசெய்து திருத்திய ஆர்-வர்க்கம் 0.62 ஆகக் குறைகிறது. நான்கு மாறிகளையும் ஒருசேரச் சோதிக்கும் எஃப்-மதிப்பு 4.26, வரையற்ற பாகைகள் 4, 4 (மாறிகள் நான்கு, கோடு பொருத்தியபின் எஞ்சும் பதிவுகள் நான்கு) என்னும்போது ஐந்து விழுக்காட்டு எல்லையைத் தாண்ட 6.39 வேண்டும். ஆகவே முழு மாதிரியே (நான்கு மாறிகளும் சேர்ந்த சமன்பாடே) அந்தச் சோதனையில் தேறவில்லை. தேறாத மாதிரிக்குள்ளிருந்து ஒரு கெழுவின் 0.04-ஐ மட்டும் எடுத்து முடிவுரையில் வைக்க வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒன்றையொன்று சாராத நான்கு சோதனைகளைச் செய்தால், உண்மையில் எதுவும் இல்லாதபோதும், ஏதேனும் ஒன்றில் 0.05-க்குக் கீழ் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 18.5 விழுக்காடு.

மென்பொருளை மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் "சிறந்த" மாதிரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். வெறும் இரைச்சலிலிருந்து மாறிகளைச் சலித்தெடுத்து, எஞ்சியவற்றை அதே தரவில் மீண்டும் பொருத்தினால், பொருளுள்ளவை போன்ற முடிவுகள் தாமாகவே வந்துவிடும் என்பதை டேவிட் ஃபிரீட்மன் 1983-இலேயே காட்டிவிட்டார். மாதிரிகளை ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால், சிறிய தரவுக்கென்று திருத்திய அகாய்க்கே அளவையை (மாறிகள் கூடக்கூடத் தண்டம் ஏற்றி மாதிரிகளை ஒப்பிடும் எண்; குறைந்தால் நல்லது) பயன்படுத்துங்கள். ஒன்பது பதிவுகளில் நான்கு மாறிகள் கொண்ட மாதிரிக்கு அந்தத் திருத்தம் மட்டும் 42 புள்ளிகளைத் தண்டமாக ஏற்றுகிறது. ஒரே மாறி என்றால் 4.8. ஒன்பது கண்மாய்களால் எத்தனை கேள்விகளைத் தாங்க முடியும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

பதில்: நீர்க்காகம்

பல ஆண்டுகளாகக் கண்மாய்களில் பறவை எண்ணிவருபவன் என்ற முறையில் 36 பதிவுகளைப் பற்றிச் சொல்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நவம்பரில் ஒரு கண்மாயின் பரப்பு பெரியதாக இருந்தால் டிசம்பரிலும் அது பெரிய கண்மாய்தான். ஒரே கண்மாயை நான்கு முறை பார்ப்பதால் நான்கு கண்மாய்கள் ஆகிவிடாது. இந்தப் பிழைக்குச் சூழலியலில் 'போலி மறுபதிவு' என்று 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் பெயரிட்டார். இன்றும் ஆய்வேடுகளில் அதை அடிக்கடி பார்க்கிறோம். கண்மாயைத் தற்செயல் விளைவாகச் சேர்த்துக் கலப்பு மாதிரி (ஒரே கண்மாயின் பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளும் மாதிரி) அமைத்தால் மாதமாற்றத்தை அழகாகப் படிக்கலாம். ஆனால் பரப்பு பற்றிய கேள்விக்கு அங்கும் ஒன்பது கண்மாய்களே சாட்சி.

இன்னொன்று. உங்கள் ஒன்பதும் உண்மையில் ஒன்பதுதானா? நம் பகுதியில் கண்மாய்கள் சங்கிலித்தொடராக அமைந்தவை; மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நான் ஒரு ஜனவரியில் காலை ஆறரை மணிக்குக் கீழ்க் கண்மாயில் ஏறத்தாழ 200 ஊசிவால் வாத்துகளை எண்ணிவிட்டு, மோட்டார் சைக்கிளில் மேல் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது, அதே கூட்டம் என் தலைக்கு மேலே வந்து அங்கே இறங்கியதைப் பார்த்தேன். அன்றைய ஏட்டில் அந்த 200-ஐ இரண்டாம் முறை எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரையும் பறவைகளையும் பகிர்ந்துகொள்ளும் கண்மாய்களைத் தனித்தனிச் சான்றாக எண்ணும்போது திட்டப்பிழை (கெழுவின் நிச்சயமின்மை அளவு) சிறியதாகத் தோன்றும். பி-மதிப்பும் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும்.

கேள்வி கேட்டவர்: கரைநடை

இருவருக்கும் நன்றி. நீர்க்காகம் ஐயா சொன்னபடி வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்பதில் மூன்று கண்மாய்கள் ஒரே வரத்துக் கால்வாயில் இருக்கின்றன. அவற்றை ஒரே நாளில், ஒருவரே அடுத்தடுத்து எண்ணியிருக்கிறோம். அந்தப் பெரிய கண்மாயை நீக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் யாராவது விளக்குங்கள்.

பதில்: எண்வழி

அளவையில் பிழை இருந்தாலொழிய நீக்காதீர்கள். பெரிய கண்மாய் ஒன்று இருப்பது இயற்கையின் உண்மை. அதைப் பொருத்தமற்ற அளவுகோலில் வைத்ததே சிக்கல். மாணவர்களுக்கு நான் எப்போதும் கலாபகோஸ் தீவுகளின் தாவர எண்ணிக்கையைத்தான் காட்டுவேன். 1973-இல் ஜான்சனும் ரேவனும் வெளியிட்ட அந்தத் தரவில் 30 தீவுகள் உண்டு. இசபெலா தீவின் பரப்பு 4,669 சதுர கிலோமீட்டர், தாவர இனங்கள் 347. அதற்கு அடுத்த பெரிய தீவான சாந்தா குரூஸுக்குப் பரப்பு 904 சதுர கிலோமீட்டர்தான், இனங்களோ 444. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவுகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. பரப்பை அப்படியே போட்டால் கோட்டின் சாய்வை இசபெலா ஒன்றே இழுத்துச் சென்றுவிடுகிறது. பரப்பு, இன எண்ணிக்கை இரண்டுக்கும் மடக்கை (லாக்) எடுத்துவிட்டால் புள்ளிகள் பெரும்பாலும் ஒரு கோட்டை ஒட்டி அமைகின்றன. இசபெலாவும் மற்றத் தீவுகளோடு சேர்ந்துகொள்கிறது. முப்பது பதிவுகளிலேயே ஒரு தீவால் இப்படிச் செய்ய முடியுமானால், உங்கள் ஒன்பதில் ஒரு கண்மாயின் கை எவ்வளவு ஓங்கும் என்று பாருங்கள்.

எனவே என் பரிந்துரை இது. உங்கள் களஅறிவை வைத்து, தரவைப் பார்க்காமல், ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். ஆழம் என்றால் ஆழம், பரப்பு என்றால் பரப்பு. தரவை ஏற்கெனவே பார்த்துவிட்டதால், இப்போது ஆழத்தைத் தேர்ந்தால் அது பார்த்தபின் எடுத்த முடிவு என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். மடக்கை எடுத்து ஒற்றை மாறியில் கோடு பொருத்துங்கள். பிறகு பறவை எண்ணிக்கைகளைக் கண்மாய்களுக்கிடையே மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் சாய்வைக் கணக்கிடுங்கள். உங்கள் உண்மைச் சாய்வளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ சாய்வு வரும் அடுக்குகளின் பங்கே பி-மதிப்பு. ஒன்பது எண்களை அடுக்கும் வழிகள் 3,62,880 மட்டுமே. கணினிக்கு அது பெரிய வேலையன்று, வந்த பி-மதிப்பும் எச்சங்கள் (கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவுகள்) இயல்நிலைப் பரவலில் உள்ளனவா என்பதை நம்பியிராது. ஆயினும் கண்மாய்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் அப்போதும் தேவை. ஆகவே வரத்துக் கால்வாயைப் பகிரும் மூன்றையும் ஒரே அலகாகச் சேர்த்து, ஏழு பதிவுகளிலும் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு கண்மாயையும் ஒருமுறை விட்டுவிட்டுச் சாய்வைக் கண்டு, அந்த ஒன்பது சாய்வுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். பி-மதிப்பைவிட நம்பிக்கை இடைவெளியை (தரவோடு பொருந்தும் சாய்வுகளின் வீச்சை) முன்னால் வையுங்கள். அது சுழியைத் தாண்டி இருபுறமும் விரிந்திருந்தால் விரிந்திருக்கிறது என்றே எழுதுங்கள்.

பதில்: நீர்க்காகம்

ஒன்பது கண்மாய்களின் மூல எண்ணிக்கைகளையும் மாதவாரியாக ஓர் அட்டவணையில் அச்சிட்டுவிடுங்கள். ஒன்பது வரிகள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அடுத்த ஆண்டு அதே கண்மாய்களுக்குப் போகிறவருக்கு உங்கள் கெழுவைவிட அந்தப் பக்கம் உதவும். மேல் கண்மாய் எந்த வாரம் மறுகால் பாய்ந்தது என்பது உங்கள் களக் குறிப்பேட்டில் இருந்தால் அதையும் சேருங்கள். இல்லையென்றால் மடைக்காரரைக் கேளுங்கள், அவருக்கு நாளே நினைவிருக்கும்.