நானோபடிகத் தாமிரம் 7 விழுக்காட்டிலேயே பிளக்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். லாம்ப்ஸ் என்ற அணுக் கணிப்பு மென்பொருளில் நானோபடிகத் தாமிரத்தை இழுத்துப் பார்க்கிறேன். சராசரி கிரெயின் (உள்ளிருக்கும் குட்டிப் படிகம்) அளவு 12 நானோமீட்டர், வொரொனோய் முறையில் (இடத்தைப் புள்ளிகளைச் சுற்றிப் பிரிப்பது) கட்டியது. மிஷின் என்பவரின் ஈஏஎம் பொட்டென்ஷியல் (அணுக்களிடை விசைக்கான மாதிரி), 300 கெல்வின், எல்லாப் பக்கமும் பீரியாடிக் (பெட்டி தன் நகல்களோடு தொடர்வது). இசட் திசையில் நொடிக்கு 10⁹ வீதம் இழுக்கிறேன், கூடவே என்விடி (வெப்பநிலையை மட்டும் கட்டுப்படுத்தும் முறை). 7 விழுக்காடு நீட்சிக்குள் மூன்று கிரெயின்கள் சந்திக்கும் இடங்களில் ஓட்டை விழுந்து, கிரெயின் எல்லை வழியாகவே பிளந்துவிடுகிறது. தாமிரம் இப்படிக் கண்ணாடி மாதிரி உடையுமா?

மறுமொழி 1:
என்விடி என்றால் பக்கங்கள் சுருங்கவே முடியாது. இழுத்த அளவுக்குப் பருமன் கூடுகிறது. தாமிரத்தின் பருமக் குணகம் (பருமன் மாறுவதை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 140 கிகாபாஸ்கல், ஆகவே எல்லாத் திசையிலும் பல கிகாபாஸ்கல் இழுவிசை சேர்ந்துவிடும். எல்லைகள் பிளக்காமல் என்ன செய்யும்? எக்ஸ், ஒய் இரண்டையும் என்பிடியில் (அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் முறை) தனித்தனியாகச் சுழி அழுத்தத்தில் விடுங்கள்.

மறுமொழி 2:
அதோடு, எல்லையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அணுக்களை எந்தத் தூரத்தில் நீக்கினீர்கள்? அண்டை அணுத் தூரம் 2.556 ஆங்ஸ்ட்ராம். 2.5 வைத்தால் எல்லையெங்கும் அணு குறைந்துபோகும். நான் 2-க்குப் பக்கத்தில்தான் வைப்பேன். அப்புறம் மினிமைஸ் செய்து (ஆற்றலைக் குறைத்து), சூடாக்கி ஆறவிட்டு, அதன்பிறகே இழுக்க வேண்டும். இந்தப் படியைப் பலரும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி! என்பிடிக்கு மாற்றியதும் 15 விழுக்காடு தாண்டியும் ஓட்டையே இல்லை. ஓவிட்டோ என்ற காட்சி மென்பொருளில் எல்லையிலிருந்து பகுதி டிஸ்லொகேஷன்கள் (படிக வரிசையில் நகரும் கோட்டுக் குறைகள்) கிளம்பி, பின்னால் அடுக்குப் பிழைகளை (அணுத்தளங்கள் வரிசை மாறிய இடங்கள்) விட்டுச்செல்வது அழகாகத் தெரிகிறது. ஆனால் கிரெயினை 6 நானோமீட்டராக்கினால் வலிமை குறைகிறது. கிரெயின் சிறுத்தால் வலிமை கூடும் என்கிற ஹால்-பெட்ச் விதிப்படி கூடத்தானே வேண்டும்?

மறுமொழி 1:
இது கோளாறு இல்லை, சரியாகவே வந்திருக்கிறது. ஹாலும் பெட்சும் 1950-களின் தொடக்கத்தில் சொன்னது பெரிய கிரெயின்களுக்கு. 6 நானோமீட்டரில் டிஸ்லொகேஷன்கள் குவிய இடமே கிடையாது. எல்லையில் உள்ள அணுக்கள் சறுக்குவதே முக்கிய வழியாகிவிடும். ஷியோட்ஸும் யாகப்சனும் 2003-இல் இதே தாமிரத்தில் உச்ச வலிமை 10 முதல் 15 நானோமீட்டரில் வருவதை இப்படிப்பட்ட கணிப்பில்தான் காட்டினார்கள்.

மறுமொழி 2:
முறிவுதான் உங்கள் நோக்கம் என்றால் மாதிரியிலேயே ஒரு விரிசல் வைத்து இழுங்கள். பெட்டி சிறிதாக இருந்தால் விரிசல் தன் பீரியாடிக் நகலோடு மோதும், அகலமாக எடுங்கள். ஆய்வகத்தில் இழுப்பது நொடிக்கு 10⁻³ வாக்கில். பத்தின் 12-ஆம் அடுக்கு அளவு வித்தியாசம், அணுக்கள் எல்லை வழியே ஊர நேரமே கிடைக்காது. அதனால் வலிமை எண்ணைச் சோதனையோடு நேராக ஒப்பிட வேண்டாம். விரிசல் எல்லை வழியே போகிறதா, கிரெயினை அறுத்துப் போகிறதா என்று பாருங்கள்.