கலைச்சொல் வேண்டல்: ஆர்க்கிட் வேரின் வெள்ளைத் தோலுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக்குள் வளரும் ஆர்க்கிட், ஆந்தூரியம் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். பெரும்பாலான சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. பூத்தண்டின் கணுவில் முளைக்கும் குட்டிச்செடியை ஆர்க்கிட் வளர்ப்போர் ‘கெய்க்கி’ என்பார்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். நம்மிடம் வாழைக்கன்று இருக்க, ஹவாய்வரை போவானேன்? ‘பூத்தண்டுக் கன்று’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். மாட்டிக்கொண்டது ஒரே சொல்லில்: வெலாமன்.

மரத்தைப் பற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெள்ளையாக, தொட்டால் காகிதம்போல இருக்குமே, அதுதான். முதிர்ந்தபின் அதன் செல்களில் உயிர் இல்லை, உள்ளே வெறும் காற்று. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம் அதனால்தான். தண்ணீர் பட்டால் சில நொடிகளில் காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். வெள்ளை மறைந்து, அடியில் புறணியிலிருக்கும் (தோலுக்கு உள்ளடுத்த திசுவிலிருக்கும்) பச்சையம் வெளியே தெரியும். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் சும்மா இரு. கையேட்டில் பாதி இந்த ஒரு வரிதான். ஃபலெனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டை ஒளி ஊடுருவும் தொட்டியில் வைக்கச் சொல்வதும் இந்த நிறமாற்றத்தைக் கண்ணால் பார்க்கத்தான்.

வெலாமன் என்றால் இலத்தீனில் மூடுதுணி, முக்காடு. ‘வேருறை’ என்பதா, ‘வேர்ப்போர்வை’ என்பதா? எனக்குப் போர்வை பிடித்திருக்கிறது.

* * *

> ‘வேருறை’ என்பதா, ‘வேர்ப்போர்வை’ என்பதா?

இரண்டும் வேண்டாம், தம்பி. தாவரவியல் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன். வேர்நுனியில் இருப்பதை ‘வேர்மூடி’ என்று பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள். மூடி, உறை, போர்வை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதி வைப்பார்கள். போதாக்குறைக்கு, வளரும் நுனியில் உங்கள் வெள்ளையே இருக்காது. அங்கே செல்கள் இன்னும் உயிரோடு இருப்பதால் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ பளபளக்கும்.

இன்னொன்று. போர்வை என்றால் வேர்மீது வெளியிலிருந்து எதையோ போர்த்தியதுபோல ஆகிறது. வெலாமன் அப்படியன்று, வேரின் புறத்தோலே பல அடுக்காகப் பெருகி நிற்பது. புறத்தோல், அகத்தோல் என்று அழகான வரிசை நம்மிடம் இருக்கிறதே, இதுவும் ‘தோல்’ என்றே முடியட்டும். இலத்தீன்காரர் கண்ணுக்கு முக்காடு தெரிந்தது என்பதற்காக நாமும் துணியைத் தேட வேண்டியதில்லை. அது செய்யும் வேலையை வைத்துப் பெயரிடலாம். என் முன்மொழிவு: உறிதோல்.

ஆந்தூரியத்தில் பல இனங்களின் வேரிலும் இது உண்டு. ஆகவே சொல்லில் ஆர்க்கிட்டை இழுக்காதது நல்லது.

* * *

அம்மையாரின் ‘தோல்’ எனக்கு முழுச் சம்மதம். உறிதோல் நல்ல வினைத்தொகை. சுடுகாடுபோல மூன்று காலமும் அதற்குள் அடங்கும். உயிரற்ற செல் எப்படி உறியும் என்று யாராவது கேட்டால், மை ஒற்றும் தாளைக் காட்டுங்கள்.

சிக்கல் நாக்கில் இருக்கிறது. றகரத்தையும் ரகரத்தையும் பேச்சில் பிரித்துச் சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? காதில் விழுவது ‘உரிதோல்’, அதாவது உரித்த தோல். ‘உறி’ என்றால் தொங்கவிடும் கயிற்றுறியும்கூட. கூடையில் வேரைத் தொங்கவிட்டு வளரும் வாண்டா ஆர்க்கிட்டுக்கு அது பொருத்தம்தானே என்று சிரிக்காதீர்கள். சிலேடை கவிதைக்கு நல்லது, கலைச்சொல்லுக்கு ஆகாது.

* * *

ஐயா, நீங்கள் சொன்ன ‘உரிதோல்’ நேற்று என் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் இந்தத் தோல் உண்மையிலேயே உரியும்! அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் வெளித்தோல் குழாய்போலக் கழன்று கையோடு வரும், நடுவில் நூல்போல ஒன்று மட்டும் மிஞ்சும். நான் வளர்த்த முதல் ஃபலெனாப்சிஸ் அப்படித்தான் போனது. தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகப் பாசியை ஈரத்தோடு இறுக்கி அடைத்திருந்தேன், இலை தொய்ந்ததும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தண்ணீர் உள்ளே கொண்டுபோக வேரே இல்லை என்பது தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது.

கையேட்டில் அந்த இடத்தை ‘உறிதோல் உரிந்து வந்தால் அந்த வேரை வெட்டிவிடுங்கள்’ என்று எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். “எது உரிந்தால்?” என்றுதான் கேள்வி வந்தது. தேர்வு முடிந்தது. ‘உறிஞ்சுதோல்’ என்று ஓரசை நீட்டினால் ஞகரம் வந்து காப்பாற்றுகிறது. சரிதானா?

* * *

நீட்டியது நன்று. எழுதும்போது ‘உறிஞ்சுத்தோல்’ ஆக்கிவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

* * *

எனக்கும் சரி. ஒரே ஒரு கவலை. உறிஞ்சுவது அதன் வேலை என்றதும், நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க வைக்கலாம் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். தோலில் நீர் தேங்கியே இருந்தால் உள்வேருக்குக் காற்றுப் போகாது, மூச்சு முட்டித்தான் அழுகுகிறது. சொல் வரும் முதல் இடத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள், தம்பி.

* * *

சேர்த்துவிட்டேன், அம்மா. இப்போதைக்கு இப்படி நிற்கிறது:

“வேரைச் சுற்றியுள்ள உறிஞ்சுதோல் நனைந்ததும் பச்சையாகத் தெரியும், காய்ந்ததும் வெள்ளியாகும். நன்றாக நனைத்து, நீர் முழுதும் வடியவிட்டு, மறுபடி வெள்ளியாகும்வரை காத்திருங்கள். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.”

அடுத்த வாரம் போலிக்குமிழோடு (சில ஆர்க்கிட்டுகளில் குமிழ்போலத் தடித்திருக்கும் தண்டு) வருகிறேன். அந்தப் ‘போலி’ எனக்கு உறுத்துகிறது.