பிராட்டிஸ்லாவாவில் இரண்டு இரவு தங்குவது வீணா?

குரோம்பேட்டை பறவை:

வணக்கம் மக்களே. நவம்பர் கடைசியில் தனியாக, ஒரே ஒரு முதுகுப்பையோடு வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என்று ஒரு சுற்று போகிறேன். விசாவுக்குச் சென்னையிலேயே விண்ணப்பித்து, ஆஸ்திரியா மூலமாகக் கிடைத்தும்விட்டது. குழப்பமெல்லாம் நடுவில் இருக்கிற, ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில்தான். அங்கே ஒரு ஹாஸ்டலில் பெண்கள் டார்மில் வெள்ளி, சனி இரண்டு இரவுக்கும் புக் பண்ணி வைத்திருக்கிறேன். ஆபீஸில் போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அங்கே ஒண்ணுமே இல்லை, வியன்னாவிலிருந்து காலையில் போய் சாயங்காலம் திரும்பிடு" என்கிறார்கள். கேன்சல் பண்ண இன்னும் அவகாசம் இருக்கிறது. பழைய தெருக்கள், ஆறு, நடை, இதெல்லாம் எனக்குப் பிடிக்கும், ஷாப்பிங்கில் ஆர்வமில்லை. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் தூங்குவதை நினைத்து அம்மா கவலைப்படுகிறார், அதற்கும் யாராவது பதில் சொன்னால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.

பெரம்பூர் ரயில்காரர்:

கேன்சல் பண்ணிவிடுங்கள். வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், சுமார் 60 கிலோமீட்டர், நம் பீச் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம்தான். வியன்னாவின் பெரிய ஸ்டேஷனில் ஏறி, பிராட்டிஸ்லாவா மெயின் ஸ்டேஷனின் மங்கலான கூடத்தில் இறங்கும்போதே மனசு சுருங்கிவிடும். பழைய ஊரைக் குறுக்காக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. எல்லாரும் போட்டோ எடுக்கிற சுமில் சிலை, அதாவது சாக்கடைக் குழியிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கும் வெண்கல ஆள், 1997இல் வைத்தது. அதைச் சுற்றி ஒரு கும்பல் நிற்கும், தொட்டுத் தொட்டுத் தலை பளபளவென்று இருக்கும், அவ்வளவுதான். மேலே ஏறினால் கோட்டை வெள்ளை வெளேரென்று புதுக் கட்டடம் மாதிரி இருக்கிறது, பழமையைத் தேடிப் போகிறவருக்கு அது பெரிய ஏமாற்றம். நவம்பர் கடைசியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், டான்யூப் ஆற்றங்கரையில் காற்று முகத்தில் அறையும். அந்த இரண்டு இரவையும் புடாபெஸ்டுக்குக் கொடுங்கள், அங்கே சுடுநீர்க் குளியல் இருக்கிறது, குளிருக்கு அதுதான் சரி.

திருவான்மியூர் நடைக்காரன்:

ரயில்காரர் சொன்ன விவரம் எல்லாம் உண்மைதான், முடிவோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பகலில் நாலு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் பார்ப்பது சுமில், கோட்டை வாசல், ஒரு காபிக் கடை. அதை மட்டும் பார்த்தால் ஊர் சின்னதாகத்தான் தெரியும்.

கோட்டை ஏன் புதுசாக இருக்கிறது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1811இல் தீப்பிடித்து எரிந்தது. அதன்பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வெறும் சுவர்களாகவே நின்றது, 1950களில்தான் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். நாலு மூலையிலும் கோபுரம் இருப்பதால் ஊர்க்காரர்களே அதைத் தலைகீழாகக் கவிழ்த்த மேசை என்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கிற புனித மார்ட்டின் பேராலயத்தில்தான் 1563 முதல் 1830 வரை ஹங்கேரியின் அரசர்களுக்கு முடிசூட்டினார்கள், மரியா தெரசாவுக்கு 1741இல். இவ்வளவு பெருமையுள்ள கோயிலை ஒட்டியே, கையெட்டும் தூரத்தில் ஒரு பெரிய நெடுஞ்சாலை ஓடுகிறது! டான்யூப் மேல் 1972இல் திறந்த பாலத்துக்காகப் போட்ட சாலை அது. பாலத்தின் ஒற்றைத் தூண் உச்சியில் பறக்கும் தட்டு மாதிரி ஒரு உணவகம் இருக்கும், அதை எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். அந்தச் சாலைக்காக யூதர்கள் வாழ்ந்த பழைய பகுதியின் பெரும்பகுதியை இடித்தார்கள், பேராலயத்துக்குப் பக்கத்திலேயே நின்ற யூத வழிபாட்டுக் கூடமும் போனது. பழைய ஊர் பாதியில் வெட்டின மாதிரி சின்னதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இது தெரிந்து அந்த இடத்தில் நின்றால், இந்த ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் தேவின். பாலத்துக்கு அடியிலிருந்து 29ஆம் நம்பர் பஸ், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். மொராவா ஆறு டான்யூபில் சேருகிற முனையில் ஒரு பாறை, அதன் மேல் 1809இல் நெப்போலியன் படை வெடிவைத்துத் தகர்த்த கோட்டை. எதிர்க்கரை ஆஸ்திரியா, கல்லெறி தூரம். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இந்தக் கரை முழுக்க முள்வேலி, தாண்டப் பார்த்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள், கீழே ஆற்றோரம் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1989 டிசம்பர் 10ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் பிராட்டிஸ்லாவாவிலிருந்து எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவின் ஹைன்பர்குக்கு நடந்தே போனார்கள். நாம் விசாவுக்கு எத்தனை காகிதம் சேர்த்தோம் என்று யோசித்துக்கொண்டே அந்த ஆற்றைப் பார்த்தேன், ரொம்ப நேரம் அங்கிருந்து கிளம்ப மனசு வரவில்லை. வியன்னாவிலிருந்து பகலில் வந்து ஓடுகிறவர்கள் இதுவரை வருவது அபூர்வம்.

மயிலை அக்கா:

தங்கை, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. பெண்கள் டார்மில் பயப்பட ஒன்றுமில்லை. கீழ் பங்க் வேண்டும் என்று முன்னாடியே ஒரு மெயில் போட்டு வை. லாக்கர் இருக்கும், பூட்டு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், ரங்கநாதன் தெருவில் ஒரு சின்ன நம்பர் பூட்டு வாங்கிக்கொள். பாஸ்போர்ட் ராத்திரி தலையணை உறைக்குள் இருக்கட்டும். படுக்கைக் காசு தவிர நகர வரி என்று கொஞ்சம் தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை போடாதே. மூணு பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும், போன் சார்ஜரின் ரெண்டு பின் போதும்.

எனக்குக் கவலை நீ போட்டிருக்கிற கிழமைதான். பியர் மலிவு என்பதால் கல்யாணத்துக்கு முந்தைய கூத்துக்கென்றே இங்கிலாந்திலிருந்து பையன்கள் கும்பலாக இந்த ஊருக்கு வருவார்கள், வெள்ளி சனி ராத்திரி தெருவே தூங்காது. திங்கள் செவ்வாய்க்கு மாற்ற முடிந்தால் அதே ஹாஸ்டல் வேறு இடமாகிவிடும்.

சாப்பாடு: ஊர்ப் பெருமை ஹலுஷ்கி, உருளைக்கிழங்கு மாவைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு வேகவைத்து, ஆட்டுப்பால் சீஸில் புரட்டித் தருவார்கள். பார்க்கச் சைவம், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவிவிடுவார்கள். "பெஸ் ஸ்லானினி" என்று சொல்லு, அது இல்லாமல் தருவார்கள். இல்லையென்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ், கூட உருளைக்கிழங்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும். கசகசா வைத்து வளைத்த ரோல் ஒன்று இருக்கிறது, அதைச் சாப்பிடாமல் வராதே. சமையலறை உள்ள ஹாஸ்டல் என்றால் பருப்புப்பொடியும் கொஞ்சம் அரிசியும் எடுத்துப் போ, பிரிட்ஜில் வைக்கிற எதிலும் பெயர், தேதி எழுதி ஒட்டு, இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

குரோம்பேட்டை பறவை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவும் படித்துவிட்டார், பூட்டு வாங்க அவரே கிளம்பிவிட்டார். புடாபெஸ்டை முன்னால் தள்ளிவிட்டு, பிராட்டிஸ்லாவாவைத் திங்கள் இரவு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒரு இரவில் தேவின் சேருமா? விசாவில் பிரச்சினை வருமா?

திருவான்மியூர் நடைக்காரன்:

சேரும். திங்கள் மதியம் வந்து, பையை ஹாஸ்டலில் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பேராலயமும் பாலமும். இருட்டினபின் பழைய ஊர், அந்த வாரம் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கியிருந்தால் மெயின் சதுக்கத்தில் நல்ல சூடாக ஏதாவது குடிக்கலாம். செவ்வாய் காலை முதல் வேலையாகத் தேவின், மதியத்துக்குள் திரும்பி ரயில் பிடிக்கலாம். பஸ்ஸுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறினதும் மெஷினில் முத்திரை குத்துங்கள், கையில் டிக்கெட் இருந்தும் குத்தாமல் இருந்தால் அபராதம்தான். மூன்று நாடும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகள், அதிக நாள் ஆஸ்திரியாவிலேயே இருக்கும்வரை வரிசை மாறுவதில் சிக்கல் இல்லை, மாற்றிய புக்கிங் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால் நீல தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள், 1913இல் திறந்தது, சுவர், ஓடு, உள்ளே இருக்கும் பெஞ்சு வரைக்கும் நீலம்தான். பூசை நேரத்தை ஒட்டிப் போனால் உள்ளேயும் பார்க்கலாம்.