ஹோல்டரில் அகப்படாத படபடப்பு: எந்தக் கருவி உதவும்?

வெள்ளவத்தைவாசி:
எனது தாயாருக்கு வயது 69. உயர் குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுத்து வருகிறார். மாதத்தில் ஓரிரு தடவை, பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நெஞ்சு படபடவென்று அடித்துக் கால் மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடுகிறது. கிளினிக்கில் எடுத்த ஈ.சி.ஜி.யிலும் இதயத்துடிப்பை இடைவிடாது பதிய 24 மணி நேரம் உடலில் பூட்டியிருந்த ஹோல்டர் கருவியிலும் ஒன்றும் தென்படவில்லை. கனடாவிலுள்ள தம்பி ஸ்மார்ட் கைக்கடிகாரம் அனுப்புவதாகச் சொல்கிறார். அதை நம்பலாமா, விரல் வைத்துப் பார்க்கும் சிறு ஈ.சி.ஜி. கருவி மேலானதா?

பதிவாளர்:
ஈ.சி.ஜி. எடுப்பதே எனது தொழில் என்பதால் எழுதுகிறேன். அந்த 24 மணி நேரத்தில் கோளாறு நிகழவில்லை என்பதை மட்டுமே ஹோல்டர் சொல்கிறது. மாதத்தில் இரு தடவை வருவதை ஒரு நாளில் பிடிப்பது அதிர்ஷ்டம். நெஞ்சில் ஒட்டி 14 நாள் வரை விடும் பட்டையும் உண்டு. தோலுக்கடியில் வைக்கும் பதிவுக்கருவி, மயங்கி விழுபவர்களுக்கும் காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவர்களுக்குமே பெரும்பாலும் பொருந்தும். அம்மாவின் படபடப்பு கால் மணி நேரம் நீடிப்பதால், எழுந்து கருவியை எடுத்து விரல் வைக்க நேரம் தாராளமாக இருக்கிறது. ஆகவே விரல் கருவியே எனது தெரிவு.

கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றி, பேசாமல், 30 விநாடி அசையாதிருக்க வேண்டும். விரல் வறண்டிருந்தால் சற்று ஈரமாக்குங்கள். கை நடுங்கினால் கோடு கிறுக்கலாகிவிடும், வைத்தியரால் எதுவும் சொல்ல முடியாது. கருவி தரும் தீர்ப்பைவிட அந்தக் கோடே முக்கியம்: பி அலை (இதய மேலறைகளின் இயக்கத்தைக் காட்டும் சிறு மேடு) காணாமற்போய், துடிப்புகளுக்கிடையிலான தூரம் ஒழுங்கின்றி மாறுகிறதா என்றுதான் வைத்தியர் பார்ப்பார். அச்சிட்டுக் கொண்டுபோங்கள், சுகமாக இருக்கும் நாளொன்றில் எடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளை நேசன்:
கடிகாரத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க வேண்டியதில்லை. ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய், பலருக்கு எந்த அறிகுறியுமின்றி, தூக்கத்திலும் வந்து போகும். அப்போது யார் விரல் வைப்பது? கடிகாரத்தின் பச்சை ஒளி மணிக்கட்டுக் குருதியோட்டத்தைக் கொண்டு நாடியின் ஒழுங்கை ஊகிக்கிறது. அது ஈ.சி.ஜி. அல்ல, ஆனால் சில மாதிரிகளில் விரல் வைத்து ஒற்றைத்தட (இதயத்தை ஒரு கோணத்தில் மட்டும் பதியும்) ஈ.சி.ஜி.யும் எடுக்கலாம், வாங்கும்போது அதைக் கேளுங்கள். 2019இல் வெளியான ஆப்பிள் கைக்கடிகார ஆய்வில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர், 0.52 சதவீதத்தினருக்கே நாடி ஒழுங்கில்லையென்ற எச்சரிக்கை வந்தது. அவர்களுள் ஈ.சி.ஜி. பதியும் நெஞ்சுப் பட்டையை அணிந்து திருப்பியனுப்பியவர்களில் 34 சதவீதத்தினரிடமே அந்நோய் பதிவானது. விட்டு விட்டு வரும் நோயாதலால், எஞ்சியோருக்கு அது இல்லையென்று அடித்துச் சொல்லவும் முடியாது.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் நன்றி. நோய் உறுதியானால், குருதி உறையாமல் தடுக்கும் வார்பரின் தொடங்க வேண்டிவருமா? அயலவர் ஒருவர் அஸ்பிரின் போதும் என்கிறார்.

பதிவாளர்:
அஸ்பிரின் அதற்கு ஈடாகாது. இதயத்தில் குருதி கட்டியாக உறைந்து மூளைக்குச் செல்வதுதான் இந்நோயின் பெரும் ஆபத்து. அம்மாவின் வயதும் அமுக்கமும் நீரிழிவும் அந்த ஆபத்தைக் கூட்டுபவை என்பதால், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து பற்றி வைத்தியர் நிச்சயம் பேசுவார். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். அதனால் இதய வால்வு சுருங்கியிருந்தால் மருந்துத் தெரிவே மாறும். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் கருவியைத் தேடிக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். இக்கருவிகளின் ஒற்றைத்தடப் பதிவு சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லையென்று ஆகாது.