மியூசிக்கல் சேரில் முதல் ஆளாக அவுட் ஆன குழந்தை: பிறந்தநாள் விளையாட்டு அனுபவங்கள்

வைகைக்கரை:
போன ஞாயிறு மகளுக்கு 6 வயது முடிந்தது. மொட்டை மாடியில் ஷாமியானா, 20 பிள்ளைகள், கேக் வெட்டியதும் மியூசிக்கல் சேர். பாட்டை நிறுத்துகிற வேலை என்னுடையது. முதல் ரவுண்டிலேயே கீழ்வீட்டுக் குழந்தை அவுட். அதற்கு 4 வயதுகூட ஆகவில்லை. நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தும் விட்டது. 8 வயதுப் பையன் ஒருவன் இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். நான் பார்த்தேன். பார்த்தும், "அவுட்டுடா கண்ணு, இந்தப் பக்கம் வந்துடு" என்று சொல்லிவிட்டேன்.

அது அழவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றது. பாட்டு ஓடும்போது அங்கேயே தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பாட்டு நின்றால் டக்கென்று தரையில் உட்கார்ந்தது. ஒவ்வொரு ரவுண்டிலும் இப்படித்தான். தான் இன்னும் ஆட்டத்தில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருந்தது. இரவு வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் எனக்கு நினைவில்லை, வீடியோவின் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்த அந்த ஊதா கவுன்தான் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சின்னவன் அப்பா:
எங்கள் வீட்டில் நடந்தது பெரிய பலூனில். அதுதான், உள்ளே சாக்லேட், ஜிகினா, தெர்மாகோல் உருண்டை எல்லாம் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவோமே, அது. ஊசியால் குத்தியது நான். கீழே 15 பிள்ளைகள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். இரண்டு நெற்றிகள் மோதிய சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது. எல்லோரும் அந்த இருவரைத் தூக்க ஓடினோம்.

அந்த நேரத்தில் என் தங்கை மகன், ஒன்றரை வயது, கட்டில் காலருகே உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான். என் அம்மாதான் கவனித்தார். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் மேல் சிவப்பாக ஒரு பலூன் துண்டு, ஈரத்தில் தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. நல்லவேளை, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததால் எடுக்க முடிந்தது. சாக்லேட் தொண்டையில் சிக்குவதுபோல இல்லை இது. ரப்பர் வளைந்து கொடுத்து, மூச்சுக்குழாய் வாயை மூடி போட்ட மாதிரி அடைத்துவிடும். அமெரிக்காவில் 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பலூன் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என 1994லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நாம் துண்டுகளைக் காலையில் பெருக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். தயவுசெய்து பலூன் உடைத்த அடுத்த நிமிடமே பொறுக்கிவிடுங்கள்.

மாடிவீடு:
வைகைக்கரை, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவுட் ஆவது தப்பு என்கிற மாதிரி பேச்சு போகக்கூடாது. என் மகனுக்கு வீட்டில் நாங்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்தே பழக்கினோம். கேரமா, தாயமா, எதுவானாலும் அவன்தான் ஜெயிப்பான். 10 வயதில் பள்ளி விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்தில் நாலாவதாக வந்தான். சாக்கை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்று இடுப்பு வரை அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவிலேயே நின்றான். அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதிய பிறகும் நின்றான். நான் போய்த்தான் தூக்கி வர வேண்டியிருந்தது. சின்ன வயதிலேயே நாலு தடவை தோற்றிருந்தால் அன்றைக்கு அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டாம் வகுப்பு டீச்சர்:
மாடிவீடு, தோற்கப் பழக வேண்டும் என்பது சரி. ஆனால் 4 வயதுக் குழந்தையை 8 வயதுக்காரன் இடித்துத் தள்ளுவது தோல்வி இல்லை. அதில் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. என் வகுப்பிலும் ஒரு தடவை இப்படி ஆனது. முதலில் அவுட் ஆன பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போகலாமா மிஸ்?" என்று கேட்டான். அத்தோடு அந்த ஆட்டத்தை மாற்றிவிட்டேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பிள்ளைகள், 19 நாற்காலிகள் என்றால் 19 ரவுண்டு. பாட்டு, சண்டை, நாற்காலியை எடுப்பது எல்லாம் சேர்த்து ரவுண்டுக்கு ஒரு நிமிடம் என்றே வையுங்கள். முதலில் அவுட் ஆன குழந்தை ஒரு நிமிடம் விளையாடிவிட்டு 18 நிமிடம் வேடிக்கை பார்க்கிறது. அதுவும் யார்? பெரும்பாலும் கூட்டத்திலேயே சின்னது. ஓடியாட வந்த பிள்ளைக்கு நாமே ஓடாதே என்கிறோம்.

அதனால் நாற்காலியை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். நாற்காலிக்குப் பதில் தலையணை போடுங்கள். பாட்டு நின்றதும் எல்லோருக்கும் எப்படியாவது இடம் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மடியில் உட்காரலாம், ஒரு தலையணையில் மூன்று பேர் நெருக்கிக்கொள்ளலாம். கடைசியில் 20 பேரும் நாலைந்து தலையணைகளில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலியே வேண்டாம், ஓரத்தில் உட்கார்ந்தால் கவிழும், டைல்ஸ் தரையில் வழுக்கும். செய்தித்தாளிலும் இதையே செய்யலாம். நாலு பேர் ஏறி நிற்க ஒரு தாள், பாட்டு நிற்கும் ஒவ்வொரு தடவையும் தாளைப் பாதியாக மடியுங்கள். பெரியவன் சின்னவனைத் தூக்கிக்கொள்வான், யாரும் சொல்லித் தரவே வேண்டாம்.

நம் குலை குலையா முந்திரிக்காவில் அவுட் என்பதே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டால் எழுந்து துரத்த வேண்டும், அவ்வளவுதான். பிடிபட்டாலும் திரும்ப ஓடலாம். வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் துணி நமக்குத்தான் விழப்போகிறது என்று முதுகு குறுகுறுக்கும். ஒரு துண்டு போதும், செலவே இல்லை. பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்திலும் இழுபட்ட பிள்ளை வெளியே போகாது, எதிர் அணியில் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம், விளையாட்டைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். கேக்கும் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வாந்திதான். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தனி வட்டமாக உட்கார வைத்துக் கொக்கு பற பற ஆடச் சொல்லுங்கள். லெமன் ஸ்பூன் வைத்தால் அவர்களுக்குக் கரண்டியைக் கையில் கொடுங்கள், வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் பல் போகும். பரிசு எல்லோருக்கும் ஒரே பென்சில் இருக்கட்டும்.

நெல்லைச் சீமை:
டீச்சர், பார்சல் பாஸ் பண்ணுவதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதில் யாரும் அவுட் இல்லை என்று நம்பித்தான் அண்ணன் வீட்டில் நடத்தினேன். பாட்டு நிற்கும்போது பார்சல் யார் கையில் இருக்கிறதோ, அவர் சீட்டில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். சீட்டுகளை நானே எழுதினேன். ஒரு சீட்டில் 'குரங்கு மாதிரி நடித்துக் காட்டு'. அது போய் நிற்க வேண்டிய இடமா பார்த்து, யாரிடமும் பேசாத 7 வயதுப் பையன் ஒருவனிடம் நின்றது. சீட்டைப் படித்துவிட்டு அதை நாலாக, எட்டாக மடித்தான். பெரியவர்கள் எல்லோரும் கைதட்டி, "ஆடு ஆடு" என்றோம். அவன் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தான். கால்சட்டை நனைவதை முதலில் பார்த்தது அவன் பக்கத்தில் இருந்த சிறுமி. அவள் ஒன்றும் சொல்லாமல் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் மடியில் கவிழ்த்துவிட்டு, "மாமா, தண்ணி கொட்டிருச்சு" என்றாள்.

அவளுக்கும் அவன் வயதுதான் இருக்கும். அங்கிருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இப்போதெல்லாம் சீட்டில் 'பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து' என்றுதான் எழுதுகிறேன், 'வேண்டாம் என்றால் அடுத்தவருக்குத் தள்ளலாம்' என்பதையும் ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

மாடிவீடு:
டீச்சர், இடிபட்டது வேறு, தோற்றது வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பென்சில் என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஜெயித்த பிள்ளைக்கும் ஒரு முகம் இருக்கிறது.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் கீழ்வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு, டீச்சர் சொன்னபடி தலையணை போட்டு நாலு பிள்ளைகளை ஆடவிட்டேன். பாட்டை நிறுத்தியதும் மற்ற மூவரும் தலையணைக்குப் பாய்ந்தார்கள். இது மட்டும் நேராகச் சுவர் ஓரம் ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்தது. அதுதான் தன்னுடைய இடம் என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டிருக்கிறது. என் மகள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அடுத்த ரவுண்டிலும் சுவருக்கே ஓடியது. மூன்றாவது தடவை என் மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டாள். மற்ற இருவரும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.