புதுப்பிப்பு: டூப்ளிகேட் சாவி திரும்புது, இன்ஜின் ஓடலை – சரியாயிடுச்சு

காரோட ரெண்டு சாவியில ஒண்ணு தொலைஞ்சுபோச்சு, கடையில வெட்டின டூப்ளிகேட் கதவைத் திறக்குது, ஆனா இன்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே அணைஞ்சிடுதுன்னு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பேட்டரி, ஃபியூஸ் ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. "சாவித் தலைக்குள்ள சிப் இருக்கும், பாருங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. ஒரிஜினலைப் பிரிச்சப்போ பட்டன் போர்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கறுப்புத் துண்டு. அதுக்கு பேட்டரியே கிடையாது. சாவித்துவாரத்தைச் சுத்தியிருக்கிற கம்பிச்சுருள்லேர்ந்து மின்சாரம் வாங்கித்தான் தன் அடையாளக் குறியீட்டைச் சொல்லுது. அந்தக் குறியீடு, இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான இசியுவில பதிவானதோட பொருந்தலேன்னா இன்ஜின் ஓடாது. டூப்ளிகேட்ல இருந்தது வெறும் இரும்பு.

இசியுவையே மாத்தணும்னு ஒரு மெக்கானிக் சொன்னார், தேவைப்படலை. ஆர்சி, அடையாள அட்டை, போலீஸ்ல புகார் கொடுத்து வாங்கின சிஎஸ்ஆர் ரசீது எல்லாத்தையும் சாவி பதியிற இடத்துக்குக் கொண்டுபோனேன். புது சிப் சாவியை ஓபிடி போர்ட் (வண்டியோட கம்ப்யூட்டர்ல கருவியை இணைக்கிற சாக்கெட்) வழியா பதிஞ்சு கொடுத்தாங்க.

எதிர்பார்க்காதது: பல வண்டியில பதியும்போது பழைய பதிவெல்லாம் அழிஞ்சிடுது, என்னோடதும் அப்படித்தான். அதனால கையில மிச்சமிருக்கிற சாவியையும் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா அதுவும் செத்துடும். தொலைஞ்ச சாவியால இனி இன்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனா கதவை இன்னும் திறக்கும், அதைத் தடுக்கணும்னா லாக் செட் மாத்தணும். நான் மாத்தலை, வண்டிக்குள்ள எதையும் வைக்கிறதில்லை.

பல வண்டியில ரிமோட் பட்டனைத் தனியா பதியணும். கேட்டு வாங்குங்க.